ஃபோட்டோஷாப், எக்ஸல், ஆட்டோகேட்: லினக்ஸுக்கு வரும் என்று காத்திருக்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: லினக்ஸுக்கு முழுதாக மாறிவிட ஆசை, ஆனால் ஃபோட்டோஷாப், எக்ஸல், ஆட்டோகேட் என்ற மூன்று மட்டும் விண்டோஸை விட்டு நகர விடவில்லை. காசு கொடுக்கவும் தயார். அப்படியிருந்தும் ஏன் இந்த நிறுவனங்கள் லினக்ஸுக்கு ஒரு பதிப்பு வெளியிடுவதில்லை? இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இதுவரை ஏன் வரவில்லை என்பது ஒன்று. இனி வரும் என்று நம்பிக் காத்திருக்கலாமா என்பது இன்னொன்று. உங்கள் முடிவுக்குத் தேவைப்படுவது இரண்டாவதன் பதில்தான். ஆனால் முதலாவதைப் புரிந்துகொள்ளாமல் அதைச் சொல்ல முடியாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓட வேண்டிய டெஸ்க்டாப் மென்பொருள்களை எழுதிப் பராமரிப்பதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. அந்த இடத்திலிருந்து தெரிவதை எழுதுகிறேன்.

முதலில், சந்தேகமே இல்லாமல் சொல்லக்கூடிய ஒன்று: இவை லினக்ஸில் ஓட முடியாது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் கிடையாது. ஃபோட்டோஷாப் 1990இல் மேக்கில் பிறந்தது. 1990களின் நடுவில் சிலிக்கான் கிராஃபிக்ஸ், சன் நிறுவனங்களின் யூனிக்ஸ் (லினக்ஸ் பின்பற்றும் பழைய இயங்குதளக் குடும்பம்) கணினிகளிலும் அது ஓடியது. ஆட்டோகேட் ரிலீஸ் 13 வரை யூனிக்ஸில் கிடைத்தது. 1998இல் வேர்ட்பெர்ஃபெக்ட் 8 என்ற ஆவணம் எழுதும் மென்பொருள் லினக்ஸுக்கே வந்தது. 2000இல் கோரல் நிறுவனம் கோரல்ட்ரா 9 என்ற வரைகலை மென்பொருளை, விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓடவைக்கும் வைன் என்ற திறந்த மூல அடுக்கின் உதவியோடு, லினக்ஸுக்குக் கொண்டுவந்தது. அடோபி தன் ரீடரை 2013 வரை லினக்ஸுக்கு வெளியிட்டது. இன்றும் ஆட்டோகேடைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க்கின் மாயா என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருள் லினக்ஸில் ஓடுகிறது. மைக்ரோசாஃப்ட்டின் விஷுவல் ஸ்டுடியோ கோட், எட்ஜ் பிரவுசர், எஸ்க்யூஎல் சர்வர் எல்லாமே லினக்ஸில் கிடைக்கின்றன. ஆக, நீங்கள் கேட்கும் மூன்றையும் தயாரிக்கும் மூன்று நிறுவனங்களுக்கும் லினக்ஸுக்கு நிரல் எழுதத் தெரியும், எழுதியும் இருக்கிறார்கள்.

அப்படியானால் மாயா ஏன் வருகிறது, ஆட்டோகேட் ஏன் வருவதில்லை? இரண்டும் ஒரே நிறுவனத்துடையவை என்பதால் இந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. மாயா 1998இல் வந்தபோது அது சிலிக்கான் கிராஃபிக்ஸ் கணினிகளின் ஐரிக்ஸ் இயங்குதளத்தை மையமாகக் கொண்டிருந்தது. திரைப்பட அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் ஸ்டூடியோக்கள் முழுக்க அந்தக் கணினிகளில்தான் இயங்கின. அவை விலை உயர்ந்தவை. சாதாரண இன்டெல் கணினிகள் வேகமெடுத்ததும் ஸ்டூடியோக்கள் ஐரிக்ஸை விட்டு வெளியேற முடிவெடுத்தன. தாங்களே எழுதிவைத்திருந்த யூனிக்ஸ் கருவிகளை அப்படியே எடுத்துப் போக லினக்ஸ்தான் வசதியாக இருந்தது. அதனால் அவர்கள் மென்பொருள் நிறுவனங்களிடம் போய், லினக்ஸில் கொடுத்தால்தான் வாங்குவோம் என்ற நிலையில் நின்று பேச முடிந்தது. ஒரு ஸ்டூடியோ என்றால் நூற்றுக்கணக்கான லைசென்ஸ்கள். ஹூடினி, நியூக் போன்ற விஷுவல் எஃபெக்ட்ஸ் கருவிகள் இன்று லினக்ஸில் முதல் தர மென்பொருள்களாக இருப்பதும் இதே கதைதான். சில்லு வடிவமைப்பு மென்பொருள்களும் அப்படியே: கேடன்ஸ், சினாப்சிஸ் இரண்டும் சன் கணினிகளிலிருந்து வாடிக்கையாளர்களோடு சேர்ந்தே லினக்ஸுக்கு நகர்ந்தன. மேட்லேப், மேத்தமேட்டிகா என்ற கணித மென்பொருள்கள் லினக்ஸில் இருப்பதற்குப் பின்னாலும் பல்கலைக்கழகங்கள், ஆய்வகங்கள் என்ற யூனிக்ஸ் பழகிய மொத்த வாங்குபவர்கள் இருந்தார்கள்.

ஃபோட்டோஷாப்புக்கும் ஆட்டோகேடுக்கும் அப்படி ஒரு கூட்டம் இல்லை. அவற்றை வாங்குவோர் தனி ஆட்கள், சிறிய அலுவலகங்கள், அல்லது ஏற்கெனவே விண்டோஸில் ஊறிய பெரிய நிறுவனங்கள். இதைவிட முக்கியமான ஒன்றும் இருக்கிறது. பலரும் இதைக் கவனிப்பதில்லை. உங்களையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் ஏற்கெனவே சந்தா கட்டும் வாடிக்கையாளர். நாளைக்கே லினக்ஸ் பதிப்பு வந்தால் அதே சந்தாவோடு இங்கிருந்து அங்கே போவீர்கள். நிறுவனத்துக்குப் புதிதாக ஒரு காசு வராது, செலவு மட்டும் கூடும். ஒரு புதிய இயங்குதளத்துக்குப் போகலாமா என்று ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பேச்சு வந்தால், எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது முதல் கேள்வியாக இருப்பதில்லை. இந்தப் பதிப்பு இல்லாவிட்டால் எத்தனை பேர் நம்மை விட்டுப் போவார்கள், இருந்தால் எத்தனை பேர் புதிதாக வருவார்கள் என்பதைத்தான் கணக்குப் போடுவார்கள். அந்த மென்பொருளுக்காகவே விண்டோஸில் தங்கியிருப்பவர்கள், அதாவது நீங்களும் நானும், இந்தக் கணக்கில் ஏறவே மாட்டோம். இணையப் பயன்பாட்டை அளக்கும் ஸ்டேட்கவுன்ட்டர் கணக்குப்படி 2024 பிப்ரவரியில் டெஸ்க்டாப் லினக்ஸின் பங்கு முதல் முறையாக 4 சதவீதத்தைத் தாண்டியது. நல்ல வளர்ச்சிதான். ஆனால் அந்த 4 சதவீதத்தில் காசு கொடுத்து ஃபோட்டோஷாப் வாங்கக் கூடியவர், அதிலும் இப்போது வாங்காமல் இருப்பவர் எத்தனை பேர் என்று கேட்டால் கணக்கு மிகவும் சுருங்கிவிடும்.

செலவுப் பக்கத்தையும் சொல்ல வேண்டும், அது வெறும் சாக்கு அல்ல. ஃபோட்டோஷாப்பின் உள்ளே படத்தைக் கையாளும் கணக்கீட்டுப் பகுதியை லினக்ஸுக்குக் கொண்டுபோவது அத்தனை கஷ்டமில்லை. அதைச் சுற்றியுள்ளவைதான் கஷ்டம்: ஜன்னல்கள், எழுத்துருக் காட்சி, அச்சு, திரை நிறத்தைச் சரியாகக் காட்டுவது, வரைபலகையின் அழுத்தம், லைசென்ஸ் சரிபார்ப்பு, இன்ஸ்டாலர், பிறர் எழுதிய ப்ளக்இன்கள். எக்ஸல் இன்னும் ஆழமாக விண்டோஸில் வேரோடியது. மற்ற மென்பொருள்கள் அதை உள்ளிருந்து இயக்குவதற்கான காம் என்ற ஏற்பாடே விண்டோஸின் உறுப்பு. லினக்ஸ் பக்கம் வந்தால் அதன் மையப் பகுதியான கர்னல் நன்றாகவே ஒழுங்கு காக்கிறது. பழைய நிரல்களை உடைக்கும் மாற்றங்களை, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அனுமதிப்பதில்லை. ஆனால் அதற்கு மேலே இருக்கும், நிரல்கள் சார்ந்திருக்கும் சி லைப்ரரி, டெஸ்க்டாப் சூழல், ஒலி அமைப்பு இவையெல்லாம் லினக்ஸ் தொகுப்புக்குத் தொகுப்பு (இவற்றை டிஸ்ட்ரோ என்பார்கள்) மாறுகின்றன. புதிய டிஸ்ட்ரோவில் கட்டிய நிரல் பழையதில் பல நேரம் திறக்காது, எல்லாவற்றிலும் சோதிக்கவும் ஆள் போதாது. அதனால்தான் மாயா ரெட் ஹேட், ராக்கி போன்ற ஓரிரண்டு டிஸ்ட்ரோக்களை மட்டும் ஆதரிக்கிறோம் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. ஸ்டூடியோக்களுக்கு அது போதும். உங்களைப் போன்ற ஆயிரம் பேர் ஆயிரம் விதமான அமைப்பு வைத்திருக்கும்போது, வரும் ஒவ்வொரு புகாரும் மென்பொருளின் பிழையா டிரைவரின் பிழையா என்று பார்ப்பதற்கே உதவிக் குழுவுக்கு நேரம் போய்விடும். என் அனுபவத்தில் ஒரு பதிப்பை உருவாக்குவதைவிட அதை ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருப்பதுதான் பெரிய வேலை.

இந்த நிலை மாறிக்கொண்டும் வருகிறது. ஒரே பொதியை எல்லா டிஸ்ட்ரோவிலும் ஓடவைக்க ஃபிளாட்பேக் இருக்கிறது. நிற மேலாண்மைக்கான நெறிமுறை 2025இல், லினக்ஸில் திரைக்காட்சியைக் கவனிக்கும் வேலண்டில் சேர்ந்தது. அச்சுக்கும் படத் திருத்தத்துக்கும் அது மிகவும் தேவைப்பட்ட ஒன்று. ஆகவே தொழில்நுட்பத் தடை ஆண்டுக்காண்டு குறைகிறது, வணிகத் தடை அப்படியே நிற்கிறது என்று சொல்வதுதான் சரியாக இருக்கும்.

இனி, உறுதியில்லாதவை. விண்டோஸைக் காப்பாற்றத்தான் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸை லினக்ஸுக்குத் தருவதில்லை என்று அடிக்கடி படித்திருப்பீர்கள். 2000 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் கோரல் நிறுவனத்தில் 13.5 கோடி டாலர் முதலீடு செய்தது உண்மை. அடுத்த ஆண்டே கோரல் தன் லினக்ஸ் டிஸ்ட்ரோவை விற்றுவிட்டது என்பதும் உண்மை. முதலாவதால்தான் இரண்டாவது நடந்தது என்பது ஊகம். கோரல் அப்போது பணச் சிக்கலில் இருந்தது, அதுவே போதுமான காரணமாக இருந்திருக்கலாம். டீம்ஸ் என்ற அலுவலக உரையாடல் மென்பொருளை 2019 இறுதியில் லினக்ஸுக்குத் தந்து, 2022 இறுதியில் நிறுத்தி, பிரவுசர் வழிப் பதிப்புக்கு மாறச் சொன்னதையும் சதி என்பதைவிட, தனிப் பதிப்பைப் பராமரிக்க மனமில்லாமை என்று படிப்பதே பொருந்துகிறது. அதேபோல், லினக்ஸின் பங்கு 10 சதவீதம் ஆகிவிட்டால் எல்லாரும் வந்துவிடுவார்கள் என்ற பேச்சுக்கும் ஆதாரமில்லை. ஆட்டோகேட் 1990களில் மேக்கைக் கைவிட்டு 2010இல்தான் திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில் மேக்கில் காசு செலவழிக்கத் தயங்காத ஒரு வடிவமைப்பாளர் கூட்டம் வளர்ந்திருந்தது. எந்தச் சதவீதத்தில் கதவு திறக்கும் என்று அப்போதும் வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடிந்திருக்காது.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: காத்திருக்காதீர்கள். வரவே வராது என்று சொல்லவில்லை. வரும் என்று எண்ணி உங்கள் வேலையைத் திட்டமிட ஓர் அடிப்படையும் இன்று இல்லை. அதற்குப் பதிலாக, மென்பொருளின் பெயரை ஒதுக்கிவைத்துவிட்டு, அதில் நீங்கள் தினமும் செய்யும் வேலை என்ன என்று பாருங்கள். மூன்றுக்கும் மூன்று விதமான பதில் கிடைக்கும்.

ஆட்டோகேடிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மூன்றில் இதற்குத்தான் நேரடியான வழி இருக்கிறது. பிரிக்ஸ்கேட் என்ற வணிக மென்பொருள் லினக்ஸிலேயே இயல்பாக ஓடுகிறது. ஆட்டோகேடின் டிடபிள்யூஜி கோப்புகளை மாற்றாமல் அப்படியே திறந்து சேமிக்கிறது. கட்டளைகளும் பழகியவையாகவே இருக்கும். உங்கள் அலுவலகம் ஆட்டோகேடுக்குள் ஓடும் ஆட்டோலிஸ்ப் மொழியில் எழுதிய சிறு நிரல்கள் பெரும்பாலும் ஓடிவிடும். ஆனால் மைக்ரோசாஃப்ட்டின் விபிஏ அல்லது டாட்நெட்டில் எழுதிய கூடுதல் நிரல்கள் லினக்ஸ் பதிப்பில் ஓடாது. மாறுவதற்கு முன் இதைச் சரிபார்க்காதவர்கள்தான் பிறகு திண்டாடுகிறார்கள். இலவசமாக வேண்டும் என்றால் எளிய இருபரிமாண வரைபடங்களுக்கு லிப்ரேகேட் இருக்கிறது, ஆனால் அதன் சொந்தக் கோப்பு வடிவம் டிஎக்ஸ்எஃப் என்ற வேறொன்றுதான். டிடபிள்யூஜியை மற்றவர்களோடு மாற்றி மாற்றி வேலை செய்ய அதை நம்ப வேண்டாம். ஃப்ரீகேட் 2024 நவம்பரில் 1.0 பதிப்பை எட்டியது. அது முப்பரிமாணப் பாகங்கள் வடிவமைப்பதற்கானது, ஆட்டோகேடுக்கு மாற்று என்று சொல்வது பொருத்தமில்லை.

எக்ஸல் விஷயத்தில் எல்லாமே மேக்ரோவை, அதாவது கோப்புக்குள் எழுதிய தானியங்கி நிரலைப் பொறுத்தது. சாதாரணக் கணக்குகள், பிவட் டேபிள், வரைபடங்கள் என்றால் லிப்ரேஆஃபீஸ் கால்க் போதும். அலுவலகம் எக்ஸல் கோப்பாகவே கேட்டால், பிரவுசரில் ஓடும் எக்ஸல் தோற்றம் மாறாமல் திறக்கும். ஆனால் பிரவுசர் எக்ஸலில் விபிஏ மேக்ரோக்கள் ஓடாது. கால்க்கில் ஒரு பகுதி ஓடும், எந்தப் பகுதி என்பது ஒவ்வொரு கோப்பையும் சோதித்தால்தான் தெரியும். பல அட்டவணைகளை இணைக்கும் பவர் பிவட் தரவு மாதிரிகளை நம்பியிருந்தால் இரண்டுமே உதவாது. அப்போது விண்டோஸ் எக்ஸல்தான் தேவை, வேறு சமாதானம் சொல்ல மாட்டேன். நம் பக்கம் ஆர்வத்தில் லிப்ரேஆஃபீஸ் எல்லாம் செய்யும் என்று சொல்லிவிடுகிறோம். மாத இறுதிக் கணக்கு நேரத்தில் அது பொய்த்துப் போனால் அந்த மனிதர் லினக்ஸ் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

ஃபோட்டோஷாப்பில்தான் இழப்பு அதிகம். கிம்ப் 3.0 2025 மார்ச்சில் வந்தது. ஒரு ஃபில்டரைப் போட்ட பிறகும் அதைத் திரும்பத் திறந்து மாற்றும் வசதி அதில்தான் ஒருவழியாகச் சேர்ந்தது. ஃபோட்டோஷாப் பழகியவர்களுக்கு அது இல்லாததுதான் பெரிய குறையாக இருந்தது. வரைவதும் ஓவியம் தீட்டுவதும் உங்கள் வேலை என்றால் கிரிட்டா அருமையானது. தயவுதாட்சண்யத்துக்காகச் சொல்லவில்லை, தொழில்முறை ஓவியர்கள் விரும்பியே அதைப் பயன்படுத்துகிறார்கள். அச்சுக்கான சிஎம்ஒய்கே நிறவெளியிலும் அதில் நேரடியாக வேலை செய்யலாம். கேமராவின் ரா கோப்புகளுக்கு டார்க்டேபிள் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு வரும் ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்புகளைத் திருத்தி, அதே பிஎஸ்டியாகத் திருப்பிக் கொடுக்க வேண்டிய வேலை என்றால் சிக்கல்தான். ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டுகளும் அட்ஜஸ்ட்மென்ட் லேயர்களும் போன வடிவிலேயே திரும்பி வரும் என்று உத்தரவாதம் கிடையாது. பிரவுசரில் ஓடும் ஃபோட்டோபி இந்த இடத்தில் ஆச்சரியப்படும் அளவுக்குக் கைகொடுக்கிறது. 2023இல் வெளியான பிரவுசர் ஃபோட்டோஷாப்பையும் உங்கள் சந்தாவில் முயன்று பார்க்கலாம், முழு ஃபோட்டோஷாப்பின் வசதிகளில் ஒரு பகுதிதான் அதில் உண்டு. அடோபி லினக்ஸுக்கு வந்தால் இப்படிப் பிரவுசர் வழியாகத்தான் வரும் என்பது என் ஊகம், அதை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

வைனில் ஓட்டிக்கொள்ளலாமே என்று பலர் சொல்வார்கள். வைன் 1993இலிருந்து வளர்ந்துவரும் அற்புதமான வேலை. 2018இல் விளையாட்டு நிறுவனமான வால்வ் அதன்மேல் புரோட்டானைக் கட்டிய பிறகு ஆயிரக்கணக்கான விண்டோஸ் விளையாட்டுகள் லினக்ஸில் ஓடுகின்றன. விளையாட்டே ஓடும்போது ஃபோட்டோஷாப் ஏன் ஓடாது என்று கேட்பது நியாயம்தான். இரண்டும் விண்டோஸைப் பயன்படுத்தும் விதம் வேறு. ஒரு விளையாட்டு திரை முழுவதையும் எடுத்துக்கொண்டு, பெரும்பாலும் கிராஃபிக்ஸ், ஒலி, உள்ளீடு என்ற சில வாசல்கள் வழியாகவே இயங்குதளத்தோடு பேசுகிறது. அலுவலக மென்பொருள் விண்டோஸின் மூலைமுடுக்கெல்லாம் தொடுகிறது. சந்தாவைச் சரிபார்க்கப் பின்னணியில் ஓடும் சேவைகள், இன்ஸ்டாலருக்குள் இருக்கும் பிரவுசர் இவைதான் முதலில் முரண்டு பிடிக்கும். விளையாட்டுகளுக்கு வால்வ் பணம் கொட்டியது, இவற்றுக்கு அப்படிப் பணம் போட்டவர் இல்லை. வைனை வைத்துக் கட்டிய வணிக மென்பொருளான கோட்வீவர்ஸின் கிராஸ்ஓவரைச் சோதனைப் பதிப்பில் முயலலாம். ஆனால் பிழைப்பு சார்ந்த வேலையை வைனில் ஓடும் அடோபி மென்பொருளின்மேல் வைக்க வேண்டாம். ஒரு தானியங்கி அப்டேட் போதும், மறுநாள் திறக்காது. அதற்கு நிறுவனமும் பொறுப்பேற்காது.

நீங்கள் கேட்காவிட்டாலும் காணொளி, இசை பற்றி ஒரு வரி. டாவின்சி ரிசால்வ் லினக்ஸில் இருக்கிறது, ஆனால் இலவசப் பதிப்பு நீண்ட காலமாகவே லினக்ஸில் எச்.264 என்ற பரவலான வடிவத்தில் உள்ள காணொளிக் கோப்புகளைத் திறக்க மறுத்துவந்திருக்கிறது, அதை முதலில் சோதியுங்கள். ரீப்பர், பிட்விக் இரண்டும் லினக்ஸிலேயே இயல்பாக ஓடும் இசை மென்பொருள்கள். இசைத் துறையில் நான் வேலை செய்ததில்லை, ப்ளக்இன்கள் பற்றி அதில் இருப்பவர்களைக் கேட்பதே நல்லது.

மிஞ்சுவதற்கு விர்ச்சுவல் மெஷின் இருக்கிறது. மேக்ரோ நிறைந்த எக்ஸலுக்கு இது முற்றிலும் போதுமானது, லினக்ஸுக்குள் ஒரு ஜன்னலில் விண்டோஸ் திறந்து வேலை முடிந்ததும் மூடிவிடலாம். விண்டோஸ் லைசென்ஸ் தேவை என்பதை மறக்க வேண்டாம். ஃபோட்டோஷாப்புக்கு இது சுமார்தான், ஏனென்றால் கிராஃபிக்ஸ் கார்டின் முழு வலுவும் உள்ளே போய்ச் சேராது. கார்டை நேரடியாக ஒப்படைக்கும் முறை உண்டு, பெரும்பாலும் இரண்டாவது கார்டு ஒன்றும் பொறுமையும் கேட்கும். நாள் முழுக்க ஃபோட்டோஷாப்பில் இருப்பவர் என்றால் ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களையும் வைத்து, திறக்கும்போது ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் டூயல் பூட் செய்யுங்கள், அல்லது அந்த ஒரு கணினியை விண்டோஸிலேயே விட்டுவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காசு கொடுக்கத் தயார் என்றீர்களே, அதை வீணாக்காதீர்கள். வராத நிறுவனத்துக்கு மனு எழுதுவதைவிட, ஏற்கெனவே லினக்ஸுக்குத் தரும் நிறுவனத்திடம் வாங்குவதும், கிரிட்டா, லிப்ரேஆஃபீஸ் போன்றவற்றுக்கு நன்கொடை தருவதும் பலன் தரும். பிளெண்டர் ஒரு காலத்தில் ஒரு வணிக நிறுவனத்தின் சொத்தாக இருந்தது. அந்த நிறுவனம் 2002இல் மூடப்பட்டபோது, டான் ரோசென்டால் முதலீட்டாளர்களிடம் பேசி ஒரு லட்சம் யூரோவுக்கு மூலநிரலை விடுவிக்கச் சம்மதம் வாங்கினார். பயனர்கள் ஏழே வாரங்களில் அந்தத் தொகையைத் திரட்டினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் பிளெண்டர் திறந்த மூலமானது. இன்று அது லினக்ஸில் ஓடும் தரமான முப்பரிமாண மென்பொருள்.

நடைமுறையில் நான் சொல்லும் வரிசை இது: இப்போதைக்கு லினக்ஸை நிறுவவே வேண்டாம். கால்க், கிம்ப், கிரிட்டா, பிரிக்ஸ்கேட் எல்லாமே விண்டோஸிலும் கிடைக்கின்றன. அங்கேயே நிறுவி, உங்கள் நிஜக் கோப்புகளை வைத்து ஒரு மாதம் வேலை செய்யுங்கள். எங்கே முட்டுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும், வேலையும் கெடாது. முட்டாதவற்றோடு லினக்ஸுக்குப் போய்விட்டு, மிஞ்சியதற்கு மட்டும் விர்ச்சுவல் மெஷினா டூயல் பூட்டா என்று முடிவெடுங்கள். உங்கள் ஆட்டோகேட் கூடுதல் நிரல்கள் லிஸ்ப்பா டாட்நெட்டா, எக்ஸல் கோப்புகளில் மேக்ரோ எவ்வளவு என்று இங்கேயே எழுதினால், அந்த இரண்டையும் பற்றி இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.